அக்கா வீட்டில் ஆறு ருசி சாப்பிட்ட பிள்ளைகள்

அக்கா அவர்கள் காலமான அன்று காலையில் கட்டிலைச் சுற்றி இருந்தவர்கள்: அத்தான், நான், என் வீட்டுக்காரி, என் மகள், எதிர்வீட்டுப் பெரியவர், அவருடைய மருமகள், சுகாதார நிலையத்து நர்ஸ் அம்மா. ஏழு பேர். வாசலில் செருப்பைக் கழற்றாமல் நின்றவர் கார்த்திக் என்ற பிள்ளையின் அம்மா மாரி. அவரையும் சேர்த்தால் எட்டு. அக்கா கையால் சாப்பிட்ட பிள்ளைகள் எங்கள் தெருவிலும் பக்கத்துத் தெருவிலும் பதினொரு பேர். அவர்களில் என் மகளைத் தவிர ஒரு பிள்ளையும் இல்லை. சின்னப் பிள்ளைகளை இழவு வீட்டுக்குக் கூட்டி வர மாட்டார்கள் என்பது எனக்கும் தெரியும். ஆனாலும் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இதை எழுதுகிற நான் அக்காவின் ஒரே தம்பி. சிவகாசியில் ஓர் அச்சாபீசில் காகிதம் வெட்டுகிற வேலை. படிப்பு ஆறாம் வகுப்போடு நின்றது. முதலாண்டு நினைவுக்கு மலர் போட வேண்டும் என்று அத்தான் சொன்னபோது, நீங்களே எழுதிவிடுங்கள் என்று அவரிடமே தள்ளினேன். அவருக்குக் கையெழுத்துப் போட மட்டும்தான் தெரியும். எழுதிக் கிழித்து, திரும்ப எழுதியது இது. படிக்கிற சொந்தபந்தங்கள் யாரும் தங்களைச் சொல்கிறான் என்று நினைத்துக்கொள்வார்களோ என்ற பயம் இப்போதும் இருக்கிறது. யாரையும் குறை சொல்ல எழுதவில்லை. நடந்ததை எழுதுகிறேன்.

அக்கா பிறந்தது ஆனைக்குட்டம். அணைக்கட்டு கண்ணுக்கு எதிரே இருந்தும் எங்கள் அப்பா விதைத்தது மானாவாரிக் காட்டில்தான். அப்பா தவறிய பிறகு அம்மா எங்கள் இருவரையும் கூட்டிக்கொண்டு சிவகாசியை ஒட்டிய விஸ்வநத்தம் வந்தார்கள். அம்மாவும் அதிக நாள் இருக்கவில்லை. அக்கா தீப்பெட்டி ஒட்டப் போனார்கள், கொஞ்சம் வளர்ந்ததும் பட்டாசுக் கம்பெனியில் குழாய்க்குள் பவுடர் அடைக்கிற வேலைக்குப் போனார்கள். வெடிக்கிற பொடியைத்தான் நாங்கள் பவுடர் என்போம். அது கையில் ஒட்டும், மூக்கில் ஏறும், நாக்கில் தங்கும். சாயங்காலம் தண்ணீர் குடித்தாலும் கசக்கும். அதைக் கழுவ வாழைப்பழமும் வெல்லமும் தின்றால் போதும் என்று எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் நம்பிக்கை. வேலைக்குப் போகிறவர்கள் மடியில் எப்போதும் ஒரு வெல்லக்கட்டி இருக்கும். வீட்டுக்கு வந்ததும் அதே வெல்லத்தைப் பிள்ளை வாயிலும் வைப்பார்கள்.

அக்கா முதலில் மல்லுக்கட்டியது என் வயிற்றோடுதான். நான் சீனிச் சோறு தவிர எதையும் தொட மாட்டேன். எப்போதும் வயிற்றுவலி, எப்போதும் சளி. பள்ளிக்கூடம் நின்றதற்குப் பாதிக் காரணம் காசு, பாதிக் காரணம் என் வயிறு. வாத்தியார் பெயர் கூப்பிடும்போது நான் கொல்லைப்பக்கம் இருப்பேன். அக்கா வேலை விட்டு வந்து, பவுடர் போகக் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிவிட்டு, சோற்றில் கொஞ்சம் கீரை, கொஞ்சம் மோர், கொஞ்சம் மிளகு ரசம் என்று ஒவ்வொன்றாகச் சேர்த்தார்கள். "ஏலே, ஒரே ருசியத் தின்னா ஒரே சத்துதான் உள்ள போகும். மத்ததெல்லாம் வெளிய நின்னு கதவத் தட்டும்" என்பார்கள். எனக்கு வலி குறைந்தது. பயம் மட்டும் குறையவில்லை, அது கூடப் பிறந்தது.

அத்தானைக் கட்டிய பிறகு அக்காவுக்கு ஓர் ஆண் பிள்ளை பிறந்தான். அக்கா வேலைக்குப் போகிற நேரம் பக்கத்து வீட்டில் விட்டுப் போவார்கள். அங்கே அவர்கள் பிரியமாகத்தான் பார்த்துக்கொண்டார்கள். அழுதால் வர்க்கி, அழுதால் சீனித் தண்ணீர். இரண்டு வயது நிரம்பும் முன் வயிற்றுப்போக்கில் போய்விட்டான். மதுரைக்குக் கொண்டு போகிற வழியிலேயே முடிந்துவிட்டது. பிள்ளை உடம்பில் தாக்குப்பிடிக்க ஒன்றுமே இல்லை என்று டாக்டர் சொன்னாராம். அதன் பிறகு பிள்ளை தங்கவில்லை. அக்கா கம்பெனி வேலையை விட்டார்கள். சில மாதம் கழித்து, காலையில் கம்பெனி வேன் ஏறப் போகிற ஒரு பெண்ணிடம் தாங்களே போய், "உன் பிள்ளைய எங்கிட்ட விட்டுட்டுப் போ" என்று கேட்டு வாங்கினார்கள். அப்படித் தொடங்கியதுதான்.

இரண்டாயிரமாவது வருஷத்துக்குப் பிறகு எங்கள் தெருவில் ஆண் பெண் எல்லோருமே வேலைக்குப் போனார்கள். விடிந்தும் விடியாமலும் கம்பெனி வேன் வந்து நிற்கும். பிள்ளையை அக்கா வீட்டில் விட்டுப் போனால் ஒரு நாளைக்கு ஐந்து ரூபாய். கொடுக்க முடியாதவர்கள் அவரைக்காய், முருங்கைக்கீரை கொண்டு வந்து போடுவார்கள். அதுவும் இல்லாதவர்கள் சும்மா விட்டுப் போவார்கள். அக்கா கேட்டதில்லை.

காலையில் கம்மங்கூழ், மோர் விட்டு, உப்புப் போட்டு, சின்ன வெங்காயத்தோடு. மத்தியானம் சோறு, பருப்பு, ஒரு காய், லேசாகப் புளி விட்ட ரசம். காய்தான் நாளுக்கு நாள் மாறும். ஒரு நாள் வாழைப்பூவைப் பாசிப்பருப்போடு, அதன் துவர்ப்பு தெரிகிற மாதிரி. ஒரு நாள் பாகற்காய், கருப்பட்டி ஒரு துண்டு போட்டு. சளி பிடிக்கிற மாதமென்றால் சுக்கும் மிளகும். மாலையில் பொரிகடலை. தினம் ஒரே இலையில் ஆறு ருசியையும் அடைக்க வேண்டும் என்று அக்கா சொன்னதில்லை. ஒரு வாரத்துக்குள் ஆறும் பிள்ளை நாக்கில் பட்டுவிட வேண்டும். அவ்வளவுதான் கணக்கு. ருசி மாறினால் காய் மாறும், காய் மாறினால் சத்து மாறும், சீரணமும் தானாகச் சரியாகும் என்பார்கள். தண்ணீரைக் கொதிக்க வைத்துத்தான் கொடுப்பார்கள். கை கழுவாத பிள்ளைக்குத் தட்டு கிடையாது. பூச்சி மாத்திரை, சொட்டு மருந்து எதையும் விட்டதில்லை.

நர்ஸ் அம்மா எடை பார்க்க வருவார்கள். ஒரு தடவை, "உங்க வீட்டுப் பிள்ளைகளுக்கு மட்டும் எதிர்ப்புச் சக்தி நல்லா இருக்கு. என்ன டானிக் கொடுக்கீங்க?" என்று கேட்டார்கள்.

"பாகற்காய் டானிக். ஒரு கரண்டி உங்களுக்கும் தரட்டுமா?" என்றார்கள் அக்கா.

"எனக்கு வேண்டாம், நான் நல்லாத்தான் இருக்கேன்" என்று நர்ஸ் அம்மா பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பியது இன்றும் ஞாபகம் இருக்கிறது.

கசப்பைப் பிள்ளைகள் எப்படிச் சாப்பிட்டார்கள் என்று எல்லோரும் கேட்பார்கள். அக்கா ஒரு வழி வைத்திருந்தார்கள். கசப்பு சமைக்கிற நாளில் முதல் வாயை ஒரு பிள்ளை அக்காவுக்கு ஊட்ட வேண்டும். அக்கா கண்ணை மூடி, மூக்கைச் சுருக்கி, செத்தேன் என்று சாய்வார்கள். பிள்ளைகள் உருண்டு சிரிக்கும். அதன் பிறகு பிள்ளைகள் முறை. முகம் கோணாமல் யார் விழுங்குகிறார்களோ அவர்தான் அன்றைக்குப் போர்மேன். கம்பெனியில் போர்மேன் என்றால் அப்பா அம்மாவையே அதட்டுகிறவர் என்று பிள்ளைகளுக்குத் தெரியும். போர்மேன் பதவி கிடைத்த பிள்ளை கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒவ்வொரு தட்டாகப் பார்த்துக்கொண்டு வரும்.

"ஏலே, இங்கன என்ன மிச்சம் வச்சிருக்க? சம்பளத்தப் புடிச்சிருவேன்" என்று மூன்று வயசு கார்த்திக் என் மகளை மிரட்டியதை நானே கேட்டிருக்கிறேன்.

"நீ முதல்ல மூக்கத் துடைடா போர்மேன்" என்றாள் என் மகள்.

போர்மேனுக்கு இன்னொரு வேலையும் உண்டு. அடுப்பை இறக்கும் முன் அக்கா கரண்டியில் ஒரு சொட்டு எடுத்து ஆற்றி, "உப்பு பாருலே போர்மேன்" என்பார்கள். அது விளையாட்டு இல்லை. பல வருஷம் பவுடர் அடைத்ததில் அக்காவின் நாக்கு மரத்துப் போயிருந்தது. புளிப்பும் உப்பும் கொஞ்சம் தெரியும், கசப்பு எதில் இருந்து வருகிறது என்று பிரித்துச் சொல்ல முடியாது. செத்தேன் என்று சாய்வதெல்லாம் நடிப்புதான். தெருவில் எல்லோருக்கும் இது தெரியும்.

தாய்மார்களைப் பற்றியும் சொல்ல வேண்டும், அவர்கள் பிரியம் குறைந்தவர்கள் இல்லை. காலையில் வேன் ஹாரன் அடித்துக்கொண்டிருக்கும்போது ஆளுக்கு ஒன்று சொல்வார்கள்.

"யக்கா, இவளுக்குச் சளி. புளி சேக்காதீக."

"இவனுக்கு வாய்ப்புண்ணுக்கா. காரம் ஆகாது."

"கசப்புப் போடாதீகக்கா, ராத்திரி பூரா பூச்சாண்டி வருதுங்கான்."

"வாழைப்பூ சூடுல்ல?"

அக்கா இடுப்பில் ஒரு பிள்ளை, கையில் ஒரு பிள்ளையோடு நின்று கேட்டுக்கொள்வார்கள். ஒரு நாள், "ஒருத்தி புளி வேண்டாங்கா, ஒருத்தி காரம் வேண்டாங்கா, ஒருத்தி கசப்பு வேண்டாங்கா. மிச்சம் இருக்கது வெறுஞ்சட்டிதான். அதுல ஒரு துண்டு ஒடைச்சுத் தரட்டுமா?" என்றார்கள். வேனுக்குள் இருந்தவர்களும் சிரித்துவிட்டார்கள். நானும் அந்த வரிசையில் நின்று, மகளுக்கு மோர் வேண்டாம், மழை வருகிற மாதிரி இருக்கிறது என்று சொன்னவன்தான். அக்கா வானத்தைப் பார்த்து, "மேகமே இல்லையேலே" என்றார்கள்.

எல்லாம் நின்றது ஓர் ஐப்பசியில். அரசாங்கம் வீட்டுக்கு வீடு கலர் டிவி கொடுத்துக்கொண்டிருந்த காலம். தீபாவளி சீசன் கடைசி வாரம், கம்பெனியில் ஆர்டர் நெருக்கடி, வேன் திரும்பவே இருட்டிவிடும். மழையும் பிடித்துக்கொண்டது. குழாயில் தண்ணீர் கலங்கலாக வந்தது. அன்றைக்கு அக்கா வைத்தது வேப்பம்பூ ரசம். கார்த்திக் மத்தியானம் சரியாகச் சாப்பிடவில்லை, தூங்கிவிட்டான். மீதி ரசச் சோற்றை அக்கா ஒரு தூக்குவாளியில் போட்டு மாரியிடம் கொடுத்துவிட்டார்கள். வீட்டுக்குப் போனதும் பிள்ளை வாந்தி எடுத்தான், வயிறும் போனது. மாரி தூக்குவாளியைத் திறந்து விரலை விட்டு நாக்கில் வைத்துப் பார்த்திருக்கிறார். கசந்தது.

வேறு ஊர்க்காரர்கள் என்றால் வேப்பம்பூ என்று நினைப்பார்கள். எங்கள் பக்கத்தில் நாக்கில் கசப்பு தட்டினால் முதலில் நினைவுக்கு வருவது பவுடர்தான். நாள் முழுக்க அதோடு இருக்கிறவர்களுக்கு வேறு கசப்பே ஞாபகம் வராது. அத்தான் அப்போது பவுடர் கலக்கிற இடத்தில் வேலை பார்த்தார். அவர் சட்டை ஈயம் பூசின மாதிரி இருக்கும், கொல்லைக் கொடியில் தொங்கும். மாரி மனசில் அந்தச் சட்டையும் நாக்கில் பட்ட கசப்பும் ஒன்றாகச் சேர்ந்துவிட்டன. பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு மழையோடு வந்து நின்றார். நான் மகளைக் கூட்டிப் போக வந்தவன் அங்கேதான் இருந்தேன்.

"யக்கா, சோத்துல என்ன விழுந்துச்சு?"

"என்ன தாயி சொல்லுற? வேப்பம்பூ ரசம்ல அது."

"எனக்குத் தெரியாதாக்கா பவுடர் கசப்பு? நித்தம் தின்னுறது அதானே. அத்தான் சட்டைய எங்கன போட்டீக?"

அக்கா சட்டியில் மிச்சமிருந்த ரசத்தை டம்ளரில் ஊற்றிக் குடித்துக் காட்டினார்கள். மாரி அழுதுகொண்டே, "நீங்க குடிச்சா என்னக்கா தெரியும்? உங்க நாக்குதான் எப்பவோ செத்துப்போச்சே" என்றார்.

நானும் ஒரு வாய் குடித்துப் பார்த்தேன். வேப்பம்பூதான். சத்தமாகச் சொன்னேன். "நீ தம்பி, அப்படித்தான் சொல்லுவ" என்று கூட்டத்தில் யாரோ சொன்னார்கள். மாரி வேலையிலிருந்து வந்து கை கழுவினாரோ இல்லையோ, அந்த விரலில் இருந்தது எந்தக் கசப்போ. இதை அப்போது கேட்கத் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும், பிள்ளை தோளில் துவண்டு கிடக்கும்போது ஒரு தாயிடம் எப்படிக் கேட்பது?

கார்த்திக்கை ஆஸ்பத்திரியில் சேர்த்துக் குளுகோஸ் ஏற்றினார்கள், பிழைத்தான். அந்த வாரம் மூன்று தெருப் பிள்ளைகளுக்கு அதே வாந்தி, அதே வயிற்றுப்போக்கு. அக்கா வீட்டுப் பக்கமே வராத பிள்ளைகளுக்கும்தான். தண்ணீர்தான் காரணம் என்று நர்ஸ் அம்மா வீடு வீடாகப் போய்ச் சொன்னார்கள். எல்லோரும் தலையை ஆட்டினார்கள். மறுநாள் காலையில் வேன் வந்தது, ஏறினார்கள், போனார்கள். அக்கா வாசலில் யாரும் பிள்ளையை இறக்கவில்லை. "எங்க மாமியா வந்திருக்காகக்கா", "தீபாவளி கழியட்டும்க்கா" என்று நல்லவிதமாகத்தான் சொன்னார்கள். அக்கா வீட்டு முன்னால் வரும்போது மட்டும் நடையை எட்டிப் போட்டார்கள்.

பிள்ளைகளை வீட்டுக்குள் வைத்துப் பூட்டிவிட்டு, டிவியைப் போட்டுவிட்டு, சிப்ஸ் பாக்கெட்டும் வர்க்கியும் எட்டுகிற இடத்தில் வைத்துவிட்டுப் போனார்கள். வேறு என்ன செய்வார்கள்? வேலைக்குப் போகாவிட்டால் அடுப்பு எரியாது.

மிஞ்சியது என் மகள் ஒருத்தி. அக்கா அவளுக்காக அதே நேரத்தில் அடுப்பு மூட்டினார்கள். பாகற்காய் நாளில் அவள் தட்டைத் தள்ளிவிட்டாள்.

"முகம் கோணாம தின்னா நீதான் போர்மேன் தாயி" என்றார்கள் அக்கா.

"யாருக்கு அத்தை?" என்று அவள் சுற்றும் முற்றும் பார்த்தாள்.

அன்றைக்கு அவள் வெறும் மோர்ச் சோறுதான் சாப்பிட்டாள்.

அக்காவை வாட்டியது ஊர்ப்பேச்சு இல்லை. ஒரு நாள் என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்துக் கேட்டார்கள்.

"ஏலே, நெசமாவே விழுந்திருந்தா?"

"இல்லக்கா. நான்தான் குடிச்சுப் பாத்தேன்ல."

"நீ சட்டியில இருந்ததக் குடிச்ச. தூக்குவாளியில இருந்தத யாரு பாத்தா?"

"சட்டை கொல்லையில கிடந்துச்சுக்கா. அடுப்படிக்கு எப்படி வரும்?"

"எனக்கு நாக்கு இருந்தா நானே சொல்லிருப்பேன். எம்புள்ளைக்குத்தான் ஒண்ணும் குடுக்கத் தெரியாம விட்டேன். இந்தப் புள்ளைகளுக்கு என்னத்தக் குடுத்தேன்னும் தெரியாம போச்சு."

எப்போதும் ஆயிரம் கவலை சொல்கிறவன் நான். அக்கா வாயிலிருந்து கவலை வந்ததை அன்றைக்குத்தான் முதல் தடவையாகக் கேட்டேன். அத்தான் அந்த வாரமே சட்டை வேட்டியைக் கம்பெனியிலேயே வைத்துவிட்டு வர ஆரம்பித்தார். அதனால் எதுவும் மாறவில்லை.

தைக்குப் பிறகு அக்காவுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. நெஞ்சில் ரொம்ப நாளாகப் பொடி தங்கியிருக்கிறது, நுரையீரல் தேய்ந்துவிட்டது என்றார்கள். விருதுநகரில் காட்டினோம், மதுரையில் காட்டினோம். மருந்து உண்டு, குணம் கிடையாது என்று சொல்லி அனுப்பினார்கள். பங்குனியில் சாப்பாடு நின்றது. நர்ஸ் அம்மா கஞ்சி ஊட்டியபோது, "என்ன ருசி இது?" என்று கேட்டார்கள். "கஞ்சிக்கு என்ன ருசிக்கா" என்றார்கள் நர்ஸ் அம்மா. மூன்றாம் நாள் விடியலில், வேன் ஹாரன் கேட்டு அடங்கிய பிறகு, அடங்கினார்கள்.

ஒரு வருஷம் ஆயிற்று. தெருவில் பிள்ளைகளைப் பார்க்கிறேன். கார்த்திக் பள்ளிக்கூடம் போக வேண்டிய வயசுக்கு வந்துவிட்டான், எடை ஏறவில்லை. இன்னொரு பிள்ளைக்கு மாதம் தவறாமல் காய்ச்சல். என் மகளுக்கு நான் சமைத்துப் பார்க்கிறேன். புளி போட்டால் சளி வருமோ, மிளகு போட்டால் வயிறு எரியுமோ என்று கை பின்வாங்குகிறது. கடைசியில் பருப்புச் சோற்றில் வந்து நிற்கிறது. வேறு யாராவது பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள வருவார்களா என்று நர்ஸ் அம்மா கேட்டுப் பார்த்தார்கள். யாரும் முன்வரவில்லை. வந்தாலும் நம்பி விடுவார்களா என்று எனக்குத் தெரியவில்லை. இந்த மலரில் நல்லதாக ஒன்று எழுதி முடிக்க வேண்டும் என்று அத்தான் சொன்னார். யோசித்துப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் இருக்கிறார்கள். கடைசி வரை வந்து பார்த்த நர்ஸ் அம்மாவுக்கு. ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ ஓட்டி, மீட்டரைப் பற்றிப் பேசாத எதிர்வீட்டுப் பெரியவரின் மகனுக்கு. மிச்சக் காகிதத்தில் இந்த மலரை அடித்துக்கொள்ளச் சொன்ன எங்கள் முதலாளிக்கு. வாசல் வரையாவது வந்த மாரிக்கு.

இன்னொருவர், சிவகாசி பஜாரில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் பாய். பிள்ளைகள் வராமல் போன பிறகும் அக்கா ஒவ்வொரு சனிக்கிழமையும் என்னிடம், "பதினொரு பேருக்கு வாங்கிட்டு வாலே. திங்கக்கிழம வந்து நின்னா வெறுஞ்சட்டியவா காட்ட?" என்பார்கள். சுண்டைக்காய் வற்றல், பாசிப்பயறு, சுக்கு, மிளகு, கருப்பட்டி. கையில் காசு இருக்காது. பாய் நிறுத்துப் போட்டுக்கொண்டே, "பிள்ளைங்க வந்துட்டாகளா தம்பி?" என்று கேட்பார். "வந்துருவாக பாய்" என்பேன். மூன்றாவது தடவைக்குப் பிறகு அவர் கேட்பதை விட்டுவிட்டார், நிறுத்துக் கொடுத்தார். அக்கா படுக்கையில் விழுகிற வரை வாங்கினோம். பொட்டலங்கள் பிரிக்காமலே இருந்தன. பயற்றில் வண்டு விழுந்துவிட்டது. பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்த பாயிடம் கணக்குக் கேட்டேன். "இருக்கட்டும் தம்பி, அது பிள்ளைகளுக்கு வாங்குனது" என்றார். பிள்ளைகள் சாப்பிடவில்லையே என்று நான் சொன்னேன். அதன் பிறகுதான் தொகையைச் சொன்னார். அடுத்த சீசனுக்குள் கட்டிவிடுகிறேன் என்றேன். சீசன் வந்து போய்விட்டது. பாக்கி ஆயிரத்து எண்ணூற்று அறுபத்தைந்து ரூபாய்.